1965 முதல் 1969 வரை: அந்த ஐந்து வருடப் பாட்டுகளை ஒழுங்காகச் சேர்த்து வைப்பது எப்படி

‘பழைய பாடல்கள்’ என்று எந்தச் செயலியில் தேடினாலும் ஐம்பதுகளின் ஆரம்பத்தில் வந்ததும் எழுபதுகளின் கடைசியில் வந்ததும் ஒரே பட்டியலில் கலந்துதான் வருகின்றன. சும்மா ஓடவிட்டுக் கேட்க அது போதும். ஆனால் 1965-லிருந்து 1969 வரை வந்த தமிழ்ப் படப் பாட்டுகளை மட்டும் தனியே பிரித்து, வந்த வரிசையில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். இந்த ஐந்து வருடத்தில் நம் சினிமா இசையில் எவ்வளவு மாறியது என்பது அப்போதுதான் காதுக்குப் புரியும். வீட்டில் எழுபது, எழுபத்தைந்து வயதில் அப்பாவோ அம்மாவோ பெரியம்மாவோ இருந்தால் இவை அவர்கள் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் இருந்த காலத்துப் பாட்டுகள், அவர்களுக்காகவே சேர்த்தாலும் சரி. எப்படிச் சேர்ப்பது, எங்கே கவனமாக இருப்பது என்பதை எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடிகர் பெயரை வைத்துச் சேர்க்காதீர்கள். எம்.ஜி.ஆர். ஹிட்ஸ், சிவாஜி ஹிட்ஸ் என்று ஆயிரம் தொகுப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றில் ஜெய்சங்கரும் ரவிச்சந்திரனும் நடித்த படங்களின் அருமையான பாட்டுகள் பாதிக்கு மேல் விட்டுப்போகும், நாகேஷ் நாயகனாக நடித்த படத்தின் பாட்டு சுத்தமாக வராது. இசையமைப்பாளர், வருடம் என்ற இரண்டையும் வைத்துச் சேர்த்தால் எதுவும் விடுபடாது, கேட்கும்போது ஒரு தொடர்ச்சியும் இருக்கும். இந்தக் கட்டுரை முழுக்க நான் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

எல்லையை எங்கே போடுவது? ஆரம்பம் ரொம்ப சுலபம். 1965 பொங்கலுக்கு ‘எங்க வீட்டுப் பிள்ளை’, ‘பழநி’, ஜெய்சங்கரின் முதல் படமான ‘இரவும் பகலும்’ மூன்றும் வந்தன. ‘நான் ஆணையிட்டால்’, ‘அண்ணன் என்னடா தம்பி என்னடா’, ‘உள்ளத்தின் கதவுகள் கண்களடா’ மூன்றும் ஒரே பண்டிகைக்கு வந்த பாட்டுகள் என்றால் அந்த வருடம் எப்படித் தொடங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதில் முதல் இரண்டு படத்துக்கும் இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. அதே வருடம் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு அந்த இரட்டையர் பிரிந்தார்கள், மறுபடி ஒரு படத்துக்குச் சேர்ந்து இசையமைத்தது 1995-இல்தான். ஆக 1965-இன் முதல் பாதி ஒரு காலத்தின் முடிவு, இரண்டாம் பாதி இன்னொன்றின் தொடக்கம். கடைசி எல்லை 1969. அந்த வருடம் மே மாதத்தில் ‘அடிமைப் பெண்’ படத்தில் ‘ஆயிரம் நிலவே வா’, ‘சாந்தி நிலையம்’ படத்தில் ‘இயற்கை என்னும் இளைய கன்னி’ என்று எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல் அடுத்தடுத்து வந்தது. அதற்கப்புறம் ஆண் குரல் என்றால் என்ன என்பதே மெல்ல மெல்ல வேறாகிவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் வருவதுதான் நம் தொகுப்பு.

இனி வேலை. ஒரு நோட்டோ, கணினியில் ஒரு அட்டவணையோ போதும். பாட்டின் முதல் வரி, படம், வருடம், இசை, எழுதியவர், பாடியவர் என்று ஆறு கட்டங்கள். ஏழாவதாக ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ரொம்ப உதவும். பாட்டுக் கோப்புகளைத் தேடுவதற்கு முன்பே இந்தப் பட்டியலைப் பாதியாவது எழுதிவிட வேண்டும். கையில் கிடைத்ததை எல்லாம் முதலில் இறக்கிவிட்டு அப்புறம் பிரிக்கலாம் என்று நினைத்தால் அது நடக்கவே நடக்காது.

எம்.எஸ். விஸ்வநாதனிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் எண்ணிக்கையில் அவருடையதுதான் அதிகம். பிரிவுக்கு முந்தைய 1965 படங்களைத் தனியாக வையுங்கள்: ‘பஞ்சவர்ணக்கிளி’, ‘வெண்ணிற ஆடை’, ‘சாந்தி’, ‘ஆயிரத்தில் ஒருவன்’. பாரதிதாசனின் ‘தமிழுக்கும் அமுதென்று பேர்’ சுசீலாவின் குரலில் வந்தது இந்தப் ‘பஞ்சவர்ணக்கிளி’யில்தான். அப்புறம் அவர் தனியாக இசையமைத்தவை. ‘கலங்கரை விளக்கம்’, ‘குழந்தையும் தெய்வமும்’ இரண்டும் அதே 1965. 1966-இல் ‘அன்பே வா’, ‘ராமு’, ‘கொடிமலர்’. 1967-இல் ‘பாமா விஜயம்’, ‘காவல்காரன்’, ‘ஊட்டி வரை உறவு’, ‘இரு மலர்கள்’. 1968-இல் ‘குடியிருந்த கோயில்’, ‘ஒளி விளக்கு’, ‘லட்சுமி கல்யாணம்’, ‘உயர்ந்த மனிதன்’. 1969-இல் ‘சாந்தி நிலையம்’, ‘தெய்வ மகன்’, ‘சிவந்த மண்’. இது முழுப் பட்டியல் இல்லை, ஆனால் இதிலிருந்து ஆரம்பித்தால் மற்றவை தானாக வந்து சேரும்.

இந்தப் படங்களை வரிசையாகக் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘அன்பே வா’வின் ‘புதிய வானம் புதிய பூமி’யில் குதித்தோடும் தாளமும், ‘இரு மலர்கள்’ படத்தின் ‘மாதவிப் பொன்மயிலாள்’ பாட்டில் கரகரப்ரியா ராகமும், ‘சிவந்த மண்’ணில் ‘பட்டத்து ராணி’யின் ஆட்டமும் ஒரே மனிதர் செய்தவை, அதுவும் நான்கு வருடத்துக்குள். அக்கார்டியன் எங்கே வந்தாலும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், அந்தக் காலத்து அக்கார்டியன் என்றாலே மங்களமூர்த்தி பெயரைத்தான் சொல்வார்கள். புல்லாங்குழலுக்கு நஞ்சப்பா. இந்த மாதிரி வாத்தியக்காரர்களின் பெயர் இசைத்தட்டில் வராது, அதனால் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் உங்கள் ‘குறிப்பு’க் கட்டத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்தது கே.வி. மகாதேவன். இவரை ‘புராணப் படத்துக்கு இசையமைத்தவர்’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ‘திருவிளையாடல்’ 1965-இல் வந்தது. அதில் ‘ஒரு நாள் போதுமா’ பாலமுரளிகிருஷ்ணா, ‘பாட்டும் நானே’ டி.எம். சௌந்தரராஜன், ‘இசைத்தமிழ் நீ செய்த’ டி.ஆர். மகாலிங்கம், ‘பழம் நீயப்பா’ கே.பி. சுந்தராம்பாள். நான்கும் நான்கு தலைமுறைக் குரல் போல இருக்கும், எல்லாம் ஒரே படத்தில். ‘ஒரு நாள் போதுமா’வைக் கேட்கும்போது வார்த்தைகளைக் கவனித்துக் கேளுங்கள். தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகத்தின் பெயர் வரிக்குள்ளேயே ஒளிந்திருக்கும், அந்தப் பெயர் வரும் இடத்தில் பாட்டும் அந்த ராகத்துக்கே போகும். கண்ணதாசனும் மகாதேவனும் பாலமுரளியும் சேர்ந்து செய்த வேலை அது, எத்தனை முறை கேட்டாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

அப்புறம் ‘சரஸ்வதி சபதம்’ (1966), ‘கந்தன் கருணை’ (1967), ‘திருவருட்செல்வர்’ (1967), ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968). ‘திருவருட்செல்வர்’ படத்தின் ‘மன்னவன் வந்தானடி’யைக் கல்யாணி ராகத்துக்கு உதாரணமாக இன்றும் பாட்டு வாத்தியார்கள் சொல்கிறார்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் திரையில் சிவாஜி வாசிக்கும் நாதஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. ‘நலந்தானா’வையும் ‘மறைந்திருந்து பார்க்கும்’ பாட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வாசிப்பை விட்டுவிட்டால் தொகுப்பு பாதிதான்.

ஆனால் மகாதேவன் இதோடு நிற்கவில்லை. ‘இதயக் கமலம்’ (1965) படத்தில் ‘உன்னைக் காணாத கண்ணும் கண்ணல்ல’, ‘மலர்கள் நனைந்தன பனியாலே’ இரண்டையும் கேளுங்கள், சுசீலாவின் குரலுக்கு இவ்வளவு இடம் விட்டு இசையமைத்தவர்கள் குறைவு. ‘செல்வம்’ படத்தின் ‘ஒன்றா இரண்டா எடுத்துச் சொல்ல’, ‘விவசாயி’ படத்தின் ‘கடவுள் என்னும் முதலாளி’, ‘பணமா பாசமா’வின் ‘எலந்தப் பழம்’ எல்லாம் அவர்தான். எல்.ஆர். ஈஸ்வரி பாடிய அந்த ‘எலந்தப் பழம்’ 1968-இல் தெருத்தெருவாக ஒலித்தது. அதே இசையமைப்பாளர்தான் அதே வருடம் ‘நலந்தானா’வும் செய்தார். அதனால்தான் வருடத்தை வைத்துச் சேருங்கள் என்கிறேன், இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும்.

இந்தக் காலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, பலருக்குத் தெரியாமல் போகிறது. சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதை முதன்முதலாக வாங்கியவர் கே.வி. மகாதேவன், 1967-இன் ‘கந்தன் கருணை’க்கு. சிறந்த பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருது பி. சுசீலாவுக்கு, 1968-இன் ‘உயர்ந்த மனிதன்’ பாட்டுக்கு. சிறந்த பாடலாசிரியருக்கான முதல் தேசிய விருது கண்ணதாசனுக்கு, அதே 1968-இன் ‘குழந்தைக்காக’ படத்துக்கு. மூன்று பிரிவிலும் முதல் விருது தமிழுக்கு. இந்த மூன்றையும் உங்கள் தொகுப்பில் கட்டாயம் சேருங்கள், குறிப்பிலும் எழுதி வையுங்கள்.

இனி நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது மற்றவர்களிடம். இங்கேதான் பெரும்பாலான தொகுப்புகள் கோட்டை விடுகின்றன.

டி.கே. ராமமூர்த்தி. பிரிவுக்கு அப்புறம் இவர் என்ன செய்தார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். ‘மறக்க முடியுமா’ (1966) படத்தில் ‘காகித ஓடம் கடலலை மீது’, எழுதியது மு. கருணாநிதி, பாடியது சுசீலா. ஒரு குழந்தைக்குப் பாடுவது போல எளிமையாக ஆரம்பித்து நெஞ்சைப் பிசையும் மெட்டு. அடுத்த வருடமே ‘நான்’ படத்தில் ‘போதுமோ இந்த இடம்’, ‘அம்மனோ சாமியோ’ என்று முற்றிலும் வேறு ரகம். 1969-இல் ‘தங்கச் சுரங்கம்’. இந்த மூன்று படத்தையும் அடுத்தடுத்துக் கேட்ட பிறகு, இரட்டையர் காலத்துப் பாட்டுகளுக்குத் திரும்பிப் போய் வயலின் வரும் இடங்களைக் கேளுங்கள். ராமமூர்த்தி வயலின் கலைஞர் என்பது அப்போது நினைவில் இருக்கட்டும்.

வி. குமார். பாலசந்தரின் நாடகங்களுக்கு இசையமைத்து அங்கிருந்து அவருடைய முதல் படமான ‘நீர்க்குமிழி’க்கே (1965) வந்தவர். சீர்காழி கோவிந்தராஜனின் ‘ஆடி அடங்கும் வாழ்க்கையடா’ அந்தப் படத்தில்தான். ‘எதிர் நீச்சல்’ (1968) படத்தின் ‘அடுத்தாத்து அம்புஜத்தைப் பார்த்தேளா’, ‘இரு கோடுகள்’ (1969) படத்தின் ‘புன்னகை மன்னன் பூவிழிக் கண்ணன்’ எல்லாம் இவர்தான், ஆனால் கேட்பவர்களில் பாதிப் பேர் விஸ்வநாதன் என்றே நினைக்கிறார்கள். அந்தத் தவறை உங்கள் அட்டவணையாவது திருத்தட்டும். பாலசந்தர் படம் என்பதாலேயே ‘பாமா விஜயம்’ படத்தின் ‘வரவு எட்டணா’வை இவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள், அது விஸ்வநாதன்.

வேதா. மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் இந்தி மெட்டுகளை எடுத்துத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்று சிலர் இவரைக் குறைவாகப் பேசுவார்கள். மெட்டு இந்தியிலிருந்து வந்தது உண்மைதான்: ‘வல்லவனுக்கு வல்லவன்’ (1965) படத்தின் ‘ஓராயிரம் பார்வையிலே’ இந்தியில் ரவி இசையமைத்து முகமது ரஃபி பாடிய ‘சௌ பார் ஜனம் லேங்கே’, ‘யார் நீ’ (1966) படத்தின் ‘நானே வருவேன்’ மதன் மோகனின் ‘நைனா பர்ஸே’. இரண்டு மொழியிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கண்ணதாசன் அந்த மெட்டுக்குள் தமிழை எவ்வளவு இயல்பாக உட்கார வைத்திருக்கிறார், வாத்திய அமைப்பில் வேதா என்ன மாற்றினார் என்பது தெரியும், அதற்கப்புறம் குறைவாகப் பேச மனம் வராது. எல்.ஆர். ஈஸ்வரியின் ‘பளிங்கினால் ஒரு மாளிகை’யும் (‘வல்லவன் ஒருவன்’, 1966), ‘அதே கண்கள்’ (1967) படத்தின் ‘ஓஹோ எத்தனை அழகு’வும் இவர் இசைதான்.

ஆர். கோவர்த்தனம் செய்த ‘பட்டணத்தில் பூதம்’ (1967) தனியாகச் சொல்லவேண்டிய படம். ‘அந்தச் சிவகாமி மகனிடம்’ பாட்டு கண்ணதாசன் காமராஜருக்கு விட்ட தூது என்று பலரும் சொல்வார்கள், காமராஜரின் தாயார் பெயர் சிவகாமி அம்மாள். பெரியவர்களிடம் இந்தப் பாட்டைப் போட்டுவிட்டுக் கேட்டால் அந்தக் கதையை அவரவர் பாணியில் சொல்வார்கள். டி.ஆர். பாப்பா, எஸ்.எம். சுப்பையா நாயுடு இருவரையும் விட்டுவிடாதீர்கள். 1967-இல் ‘மகராசி’யில் தொடங்கிய சங்கர்-கணேஷ், 1969-இல் ‘வா ராஜா வா’வில் இசையமைப்பாளராக வந்த குன்னக்குடி வைத்தியநாதன் ஆகியோருக்கும் இடம் கொடுங்கள். ‘இரவும் பகலும்’ படத்தில் வில்லன் நடிகர் எஸ்.ஏ. அசோகன் சொந்தக் குரலில் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது, ‘இறந்தவனைச் சுமந்தவனும்’ என்று ஆரம்பிக்கும். அதைத் தேடிப் பிடித்துச் சேருங்கள்.

பட்டியல் ஓரளவு ஆயிற்றா? இப்போது தேடல். இங்கே சில குழப்பங்கள் கண்டிப்பாக வரும்.

முதலாவது படப் பெயர். ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010-லும் வந்தது, ‘நான்’ 2012-லும், ‘எதிர்நீச்சல்’ 2013-லும், ‘அதே கண்கள்’ 2017-லும் வந்தன. படத்தின் பெயரோடு வருடத்தையும் சேர்த்தே தேடுங்கள், கோப்பின் பெயரிலும் வருடத்தை எழுதுங்கள், இல்லையென்றால் செயலிகள் தாமாகவே புதுப் படத்தின் அட்டைப் படத்தைக் கொண்டுவந்து ஒட்டிவிடும்.

இரண்டாவது தொகையறா. தாளம் தொடங்கும் முன் வரும் இரண்டு நான்கு வரிகளை வைத்துச் சிலர் பாட்டுக்குப் பெயர் கொடுப்பார்கள், பல்லவியை வைத்துச் சிலர் கொடுப்பார்கள். சுசீலாவுக்கு விருது வாங்கித் தந்த ‘உயர்ந்த மனிதன்’ பாட்டே ‘பால் போலவே’ என்றும் இருக்கும், ‘நாளை இந்த வேளை பார்த்து’ என்றும் இருக்கும். ஒரு பெயரில் தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாமல் மற்ற வரியில் தேடுங்கள். ஒரே பாட்டு இரண்டு பெயரில் இரண்டு முறை சேர்ந்துவிடாமலும் பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம், அசலா இல்லையா என்பது. ஒரே பாட்டுக்கு நாலைந்து விதமான பதிவு கிடைக்கும். படத்திலிருந்து எடுத்த ஒலி, இசைத்தட்டிலிருந்து எடுத்த ஒலி, பிற்காலத்தில் தாளமும் எதிரொலியும் சேர்த்து வெளியிட்டது, வேறு யாரோ பாடியது. 78 சுற்று ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும், அதனால் நீளமான பாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்தோ, ஒரு சரணத்தை விட்டோ பதிவதுண்டு. படத்தில் மூன்று சரணம் இருந்து உங்களிடம் இருப்பதில் இரண்டுதான் இருக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். என் யோசனை: இசைத்தட்டு ஒலியை முதலாவதாக வையுங்கள், ஏனென்றால் தெளிவு அதில்தான் அதிகம். படத்தில் கூடுதல் சரணம் இருந்தால் அந்தப் பதிவையும் ‘படம்’ என்று குறித்துப் பக்கத்தில் வையுங்கள்.

அசலைக் காதால் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். அந்தக் காலத்துப் படப் பாட்டுகள் மோனோவில் பதிவானவை. ஹெட்போனில் கேட்டால் இரண்டு காதிலும் ஒரே ஒலிதான் வரவேண்டும், எல்லாம் நடுவில் இருந்து வருவது போல இருக்கும். ஒரு காதில் தபலாவும் இன்னொரு காதில் குரலும் பிரிந்து கேட்டால் பிற்காலத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அப்புறம் வேகம். இணையத்தில் ஏற்றுகிறவர்கள் சிலர் உரிமைச் சிக்கலுக்குப் பயந்து சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் போடுகிறார்கள், பழைய ரெக்கார்டைத் தவறான வேகத்தில் ஓட்டி எடுத்ததும் உண்டு. டி.எம்.எஸ். குரல் மெலிந்து பையன் குரல் மாதிரி கேட்டால் உடனே சந்தேகப்படுங்கள். அவருடைய இன்னொரு பாட்டை நல்ல பதிவில் கேட்டு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். முடிந்தவரை உரிமை உள்ள நிறுவனமே வெளியிட்டதை வாங்குங்கள் அல்லது அதன் அதிகாரப்பூர்வ பக்கத்தில் கேளுங்கள், எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் முத்திரையில் வந்த பெரும்பாலானவை இன்று சரிகம கையில் இருக்கின்றன.

எழுதியவர் பெயர்க் கட்டத்தை நிரப்பும்போது நிதானமாக இருங்கள். நல்ல வரி என்றாலே கண்ணதாசன் என்று எழுதிவிடும் வழக்கம் இணையம் முழுக்க இருக்கிறது. ‘மாதவிப் பொன்மயிலாள்’ வாலி. ‘அந்த நாள் ஞாபகம்’ வாலி. ‘பொன்னெழில் பூத்தது’ பஞ்சு அருணாசலம். ‘நான் யார் நான் யார்’ புலமைப்பித்தன், அதே ‘குடியிருந்த கோயி’லின் ‘ஆடலுடன் பாடலைக் கேட்டு’ ஆலங்குடி சோமு. ‘கடவுள் என்னும் முதலாளி’ மருதகாசி. ‘திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்’ பூவை செங்குட்டுவன். இவர்கள் பெயர் விடுபடுவது அநியாயம், ஒரு கட்டம் நிரப்புகிற வேலைதானே, சரியாக நிரப்பிவிடலாம். எங்கே பார்ப்பது என்றால், இசைத்தட்டின் வட்டக் காகிதத்தில் பாட்டுவாரியாகப் பெயர் போட்டிருப்பார்கள், அந்தப் படங்களை இணையத்தில் சேகரிப்பாளர்கள் ஏற்றியிருக்கிறார்கள். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் இன்னும் நல்ல ஆதாரம், கதைச் சுருக்கம் போட்டு ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிப்பார்களே, அவைதான். பழைய புத்தகக் கடைகளில் தேடினால் சில சமயம் கிடைக்கும். படத்தின் டைட்டிலில் பாடலாசிரியர்களை மொத்தமாகத்தான் போடுவார்கள், எந்தப் பாட்டு யாருடையது என்பது அதில் தெரியாது.

குரலைப் பொறுத்தவரை டி.எம்.எஸ்., சுசீலா, ஈஸ்வரி மூவரையும் யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். டி.எம்.எஸ். திரையில் யார் வாயசைக்கப் போகிறார் என்று பார்த்துக் குரலை மாற்றுவதைக் கவனியுங்கள்: ‘புதிய வானம்’ எம்.ஜி.ஆருக்கு, ‘அந்த நாள் ஞாபகம்’ சிவாஜிக்கு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஆள் தெரியும். இவர்களே நிறைந்திருக்கும் தொகுப்பில் பி.பி. ஸ்ரீநிவாஸின் ‘நிலவே என்னிடம் நெருங்காதே’, ‘மௌனமே பார்வையால்’ இரண்டும் தனியாக நிற்கும், இரண்டும் 1966. சூலமங்கலம் ராஜலட்சுமி, ஜமுனா ராணி, சீர்காழி, ஏ.எல். ராகவன் பெயர்கள் வரும் பாட்டைக் கூடுதல் அக்கறையோடு தேடுங்கள். ‘அடிமைப் பெண்’ணில் ஜெயலலிதா சொந்தக் குரலில் பாடிய ‘அம்மா என்றால் அன்பு’வும் இருக்கட்டும்.

சேர்த்ததைப் பென்டிரைவில் போடுவது கடைசி வேலை. வீட்டு ஸ்பீக்கரும் கார் பிளேயரும் பழையதாக இருந்தால் எம்பி3 கோப்பும் எஃப்ஏடி32 (FAT32) முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவும்தான் பாதுகாப்பு. கோப்பின் பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போடுங்கள், வெறும் 1, 2 என்று போட்டால் 1-க்கு அப்புறம் 10 வந்து நிற்கும். சில பிளேயர்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும், முதலில் ஒரே ஒரு பாட்டை ஏற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

பெரியவர்களுக்காக என்றால் வரிசையை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும். உங்கள் ஆராய்ச்சிக்கு வருட வரிசை, அவர்களுக்கு சிலோன் ரேடியோ வரிசை. அவர்களில் பலர் இந்தப் பாட்டுகளை முதலில் கேட்டதே இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில்தான், அங்கே ஒரு படத்திலிருந்து ஒரு பாட்டு, அடுத்தது வேறு படம், வேறு குரல். அப்படியே அடுக்குங்கள். காலையில் ‘கந்தன் கருணை’, ‘திருவிளையாடல்’ பாட்டுகள் தனி அடைவில் (ஃபோல்டரில்), மத்தியானத்துக்கு மெல்லிசை, சாயங்காலத்துக்கு ஈஸ்வரியும் நகைச்சுவைப் பாட்டும். ஒரே குரல் மூன்று பாட்டுக்கு மேல் தொடர்ந்து வராமல் பாருங்கள். சோகப் பாட்டுகளை ராத்திரி அடைவில் போடாதீர்கள், தனியாகப் படுத்திருப்பவர்களுக்கு அது நல்லதில்லை. பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து ஸ்பீக்கர் பக்கத்திலேயே வையுங்கள். அவர்கள் அதைப் பார்த்து ‘இந்தப் படத்தில் இன்னொரு பாட்டு இருக்குமே’ என்று கட்டாயம் கேட்பார்கள், அதை உடனே குறித்துக்கொண்டு தேடுங்கள். எந்த இணையப் பட்டியலிலும் கிடைக்காத பாட்டுகள் இப்படித்தான் சேரும்.

1970-இல் வந்த படங்களின் பாட்டுகளும் நடுவில் எட்டிப் பார்க்கும், அவற்றை அழிக்க வேண்டாம், ‘1970’ என்று ஒரு அடைவு திறந்து அதில் போட்டு வையுங்கள். அட்டவணையையும் பாட்டுகளையும் இன்னொரு பென்டிரைவில் நகல் எடுத்து வேறு வீட்டில், அண்ணனிடமோ தங்கையிடமோ கொடுத்து வையுங்கள், அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் கேட்பார்கள்.